பெயரைத் திரும்பப் போடும் சீட்டு

கண்டி
2024 ஜனவரி 21

அன்புள்ள பிரேமிளாவுக்கு,

இந்தக் காலத்தில் யார் காகிதம் எழுதுகிறார்கள் என்று சிரிப்பாய். சிரித்துக்கொள். என் தம்பி பொங்கலன்று இரவே என் நம்பரை ப்ளாக் பண்ணிவிட்டான். உனக்கென்று தனியாகப் போன் கிடையாது. வீட்டுக்கு எழுதினால் என் அப்பா பிரித்துப் படித்துவிட்டுத்தான் உன் கையில் கொடுப்பார். அதனால்தான் நீ வேலை பார்க்கிற பிள்ளைக்காம்பரா விலாசத்துக்கு எழுதுகிறேன். கொழுந்தெடுக்கப் போனவர்களின் கைக்குழந்தைகள்தானே அங்கே இருப்பது, அவர்கள் யாரும் வாசித்துவிட்டுப் போய் அப்பாவிடம் சொல்லமாட்டார்கள்.

பொங்கலன்று நான் பேசியது உனக்குப் பிடிக்கவில்லை என்று தெரியும். எழுந்து உள்ளே போய்விட்டாய். நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "ரெண்டு பேரும் ரத்தத்தச் செக் பண்ணிட்டுப் புள்ளையப் பத்தி யோசிங்க." அதற்கு யுகேஷ் சொன்னானே, "ஒனக்கு வந்தா ஊருக்கே வரணுமா?" என்று. கூடப்பிறந்தவன் வாயில் அது வந்ததை நான் மறக்கமாட்டேன், போகட்டும்.

உனக்குத் தெரியாத கதை இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன், எழுதினால்தான் எனக்கே முடிச்சு எங்கே என்று தெரிகிறது. என் அப்பாவும் உன் அம்மாவும் ஒரு வயிற்றில் பிறந்தவர்கள். உன் அண்ணன் தினேஸை நான் கட்டினேன். என் தம்பியை நீ கட்டினாய். பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள். நீ என் அம்மா பரிமளத்தின் சோற்றைச் சாப்பிடுகிறாய், நான் உன் அம்மா ரத்தினம்மாவின் சோற்றைச் சாப்பிடுகிறேன். கல்யாணத்தன்று பந்தலில் எல்லாரும் "சொத்தும் வெளிய போகல, சொந்தமும் வெளிய போகல" என்று பெருமைப்பட்டார்கள். பழுதும் வெளியே போகவில்லை என்று என் மகள் மிது பிறந்த பிறகுதான் தெரிந்தது.

ஏ.எல். வகுப்பில் உயிரியல் படித்தபோது இதையெல்லாம் பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணினேன். பட்டாணிச் செடி, உயரம், குள்ளம். நமக்கு என்னவோ செடிக்கு நடக்கிற விஷயம் மாதிரி இருந்தது. இப்போது சொல்கிறேன் கேள். பரம்பரையலகு ஒவ்வொன்றும் நமக்குள் சோடியாக இருக்கிறது. ஒன்று அம்மா கொடுத்தது, ஒன்று அப்பா கொடுத்தது. இரத்தத்தை உண்டாக்கச் சொல்கிற சோடியில் ஒன்று பழுதானாலும் மற்றது வேலையைச் சமாளிக்கும். ஆளைப் பார்த்தால் தெரியாது, ஓடலாம், மலை ஏறலாம், நூறு வயது வாழலாம். அப்படிப்பட்டவரைக் காவி என்பார்கள். நானும் உன் அண்ணனும் காவிகள். எங்கள் இரண்டு பழுதும் ஒரே பிள்ளைக்குப் போனதால் மிதுவுக்குத் தலசீமியா. நாங்கள் இருவரும் காவிகள் என்றால், எங்கள் இரண்டு பேருடைய கூடப்பிறந்தவர்களும் அப்படி இருக்கலாம். அது நீயும் யுகேஷும்தான்.

பிள்ளைக்கு முன்னால் சோதித்துப் பார். வேறொன்றும் கேட்கவில்லை.

இப்படிக்கு,
தர்ஷனா


ஹேவாஹெட்ட
2024 பெப்ரவரி 2

அண்ணிக்கு,

தபால்காரர் உங்கள் கடிதத்தைக் கொடுத்தபோது என்னோடு வேலை பார்க்கிற வேலாயி அக்கா பக்கத்தில் நின்றார். "யாருடி, பழைய ஆளா?" என்றார். நாத்தனார் என்றேன். நம்பவில்லை. நாத்தனாராவது காகிதம் எழுதுவதாவது என்று இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நல்ல நாளும் பெரிய நாளுமாக வந்து, இலை போட்ட இடத்தில், என் அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இரத்தம் கெட்ட வம்சம் என்பது மாதிரிப் பேசினீர்கள். அப்படிச் சொல்லவில்லை என்பீர்கள். கேட்டவர்களுக்கு அப்படித்தான் கேட்டது. அம்மா கண்டிக்குத் திரும்பின பிறகு உங்களோடு முகம் கொடுத்துப் பேசுகிறாரா? பேசமாட்டார், எனக்கு அவரைத் தெரியும்.

இன்னொன்று. "பிள்ளைக்கு முன்னால்" என்று எழுதியிருக்கிறீர்கள். அண்ணி, நான் எழுந்து உள்ளே போனது உங்கள் மேல் உள்ள கோபத்தில் மட்டுமில்லை. வாந்தி வந்தது. எனக்கு அப்போதே நாள் தள்ளிப்போயிருந்தது. யாருக்கும் சொல்லாமல் இருந்தேன், பொங்கலுக்குச் சொல்லலாம் என்று. நீங்கள் முந்திக்கொண்டீர்கள்.

இப்போது எல்லாருக்கும் தெரியும். அத்தை கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டுக் கோயிலுக்கு ஓடினார். மாமா தோட்டத்து வீடுகளில் லயம் லயமாகச் சொல்லிக்கொண்டு போனார். மிதுவின் டாக்டர் "நாலுல ஒண்ணுக்குத்தான் வரும்" என்று சொன்னாராமே. அதை வைத்து மாமா ஒரு கணக்குச் சொன்னார். "குடும்பத்துக்கு வர வேண்டிய அந்த ஒண்ணு மிதுவுக்கு வந்து முடிஞ்சிருச்சு. இனி மூணு புள்ளைக்குப் பயமே இல்ல." அம்மாவும் போனில் அதையேதான் சொன்னார். எல்லாருக்கும் மனசு ஆறிப்போனது. எனக்கும்தான்.

மிதுவை நினைத்தால் பாவமாக இருக்கிறது. எங்களுக்காக அவள் வாங்கிக்கொண்டது மாதிரி. அவளுக்காக வெள்ளிக்கிழமை விளக்குப் போடுகிறேன்.

மாமா சொல்வது சரிதான் என்று ஒரு வரி எழுதுங்கள். நீங்கள் எழுதினால் நிம்மதியாகத் தூங்குவேன். மற்றபடி உங்கள் மேல் எனக்குக் கோபம் போகவில்லை.

பிரேமிளா


கண்டி
2024 பெப்ரவரி 9

பிரேமி,

முதலில், சந்தோஷம். உண்மையாகத்தான் சொல்கிறேன். கடிதத்தைப் படித்துவிட்டுச் சமையலறையில் நின்று அழுதேன். அது எந்த அழுகை என்று என்னைக் கேட்காதே.

அந்த ஒரு வரியை என்னால் எழுத முடியாது. அப்பா சொல்வது தப்பு.

நீங்கள் பிள்ளைக்காம்பராவில் பெண்கள் சேர்ந்து சீட்டுப் பிடிக்கிறீர்களே, பால்மா டின்னில் பெயர்களைப் போட்டுக் குலுக்கி எடுப்பீர்களே. விழுந்த பெயரை மறுபடி டின்னில் போடுவதில்லை. அவளுக்கு விழுந்து முடிந்தது, அடுத்த மாதம் மற்றவர்களுக்கு. அப்பா இதையும் அப்படி நினைக்கிறார். பிள்ளை சீட்டு அப்படியில்லை பிரேமி. ஒவ்வொரு பிள்ளைக்கும் டின்னில் நாலு துண்டும் திரும்பப் போடப்படுகிறது. மூன்று நல்லது, ஒன்று கெட்டது. போன முறை எது விழுந்தது என்று டின்னுக்கு ஞாபகம் கிடையாது. எனக்கு அடுத்ததும் மிது மாதிரி பிறக்கலாம், அதற்கடுத்ததும் பிறக்கலாம். நாலு பிள்ளையும் நன்றாகவும் பிறக்கலாம். அதிலும் என் டின் வேறு, உன் டின் வேறு. மிது எடுத்தது என் டின்னிலிருந்து. உனக்காக அவள் எதையும் வாங்கிக்கொள்ளவில்லை. என் பிள்ளையைப் பலி கொடுத்த ஆடு மாதிரி யாரும் பார்க்கவேண்டாம், எனக்குத் தாங்காது.

இப்போது நல்ல செய்தி சொல்கிறேன். உன் டின்னில் கெட்ட துண்டு இருக்கிறதா என்றே நமக்குத் தெரியாது. நீ காவியாக இருக்கப் பாதி வாய்ப்பு. யுகேஷுக்கும் பாதி. இரண்டு பேரில் ஒருவர் சுத்தம் என்றாலும் போதும், பிள்ளைக்கு இந்த நோய் வராது. மிஞ்சிப்போனால் நம்மைப் போலக் காவியாகும், அவ்வளவுதான். ஒரு ஊசிக் குத்து. நிம்மதிக்குத்தான் வாய்ப்பு அதிகம். அதனால்தான் கெஞ்சுகிறேன்.

தெரிந்து என்ன செய்வது என்று கேட்பாய். மிதுவுக்கு என்னவென்று தெரியாமல் எத்தனை மாதம் வீணாக்கினோம். வெளிறிப்போகிறாள், பால் குடிக்கவில்லை, வயிறு உப்பிக்கொண்டது. கண்ணேறு என்று மிளகாய் சுற்றினோம். இரத்தமில்லை என்று உன் அம்மா முருங்கைக்கீரையும் பீட்ரூட்டும் அரைத்து ஊற்றினார், இரும்புச்சத்து டானிக் வாங்கிக் கொடுத்தார். பாவம், அவர் நல்லதென்றுதான் செய்தார். இவளுக்கு இரும்பு உடம்பில் தங்கித்தான் கேடு என்று பிறகுதான் டாக்டர் திட்டினார். இப்போதும் நான் இல்லாத நேரத்தில் கீரைத் தண்ணீர் கொடுக்கிறார். கேட்டால், "கீரயக் குடுக்காதேன்னு சொல்ற டாக்டர நான் எங்கயும் பாத்ததில்ல" என்கிறார். முன்பே தெரிந்திருந்தால் மிது அவ்வளவு வாடியிருக்கமாட்டாள்.

தயவுசெய்து பிரேமி. நீ முதலில் கொடு. யுகேஷைப் பிறகு பார்க்கலாம்.

தர்ஷனா


ஹேவாஹெட்ட
2024 மார்ச் 14

அண்ணி,

கிளினிக்கில் எப்படியும் இரத்தம் எடுப்பார்கள். மிட்வைஃப் மிஸ்ஸிடம் மிதுவைப் பற்றிச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "இதை ஏன் முதல் நாளே சொல்லல்ல?" என்றார். இன்னொரு குழாயிலும் எடுத்து அனுப்பினார்கள்.

நேற்று முடிவு வந்தது. நான் காவி.

வீட்டுக்கு நடந்து வரும்போது என் கைகளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். எதுவும் மாறவில்லை. அதே கை. பத்தொன்பது வயதில் மண் மூட்டை தூக்கியிருக்கிறேன் அண்ணி, ஒரு நாள் தலை சுற்றியதில்லை.

புருஷனைக் கூட்டிக்கொண்டு வரச்சொன்னார் மிஸ். அவருக்கும் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அவர் மேசையைப் பார்த்துக்கொண்டு, பிள்ளை பிறந்த பிறகு பெரியாஸ்பத்திரியில் காட்டிக் கவனித்துக்கொள்ளலாம் என்றார். அதற்கு முன்னால் ஒன்றும் செய்வதற்கில்லையா என்றேன். இந்த நாட்டுச் சட்டத்தில் இடமில்லை என்றார். இடமிருந்தாலும் எனக்கு மனசு வருமா என்று தெரியவில்லை. ஆனால் என்னைக் கேட்கவாவது கேட்டிருக்கலாம். கேட்பதற்கே ஒன்றுமில்லை என்பதுதான் ஒரு மாதிரி இருக்கிறது.

இரவு சாப்பாடு ஆனதும் இவரிடம் சொன்னேன். ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிறுத்தவேயில்லை.

"எனக்கு என்ன கொற? காச்சல்னு ஒரு நாள் படுத்திருக்கேனா?"

"அது ஆளப் பாத்தாத் தெரியாதுங்க. எனக்கே தெரியல."

"அக்கா காகிதம் போடுறது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? போஸ்ட் ஆபிஸ் வாசல்லதான் என் ஸ்டான்ட்."

அவர் துணியை முறுக்கிப் பிழிந்துவிட்டுச் சொன்னார். "என் ரத்தத்தச் சந்தேகப்படுறவ என் வீட்ல இருக்க வேணாம். கண்டிக்குப் போ, ஒங்கம்மாகிட்ட. அங்க இருக்கிறவ இங்க வரட்டும். கணக்கு சரியாயிரும்."

அது கோபமா பயமா என்று தெரியவில்லை. மாமா உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தார், ஒரு வார்த்தை தடுக்கவில்லை.

உங்கள் கதையையும் சேர்த்து இழுத்துவிட்டேன். என்ன செய்யட்டும், சொல்லுங்கள்.

பிரேமிளா


கண்டி
2024 ஏப்ரல் 3

பிரேமி,

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் கோபித்துக்கொள்ளாதே.

உன் முடிவை வாசித்ததும் முதலில் என்ன தோன்றியது தெரியுமா? சந்தோஷம். இத்தனை காலமும் உன் அம்மா என்னைத்தானே சொன்னார், "ஹேவாஹெட்டயில இருந்து வந்தவ கொண்டாந்தது" என்று. அவர் பெற்ற இரண்டு பிள்ளைகளும் காவி என்றால் அது என் பக்கம் மட்டுமில்லையே. நேராகப் போய் அவர் முகத்தில் சொல்லவேண்டும் போல இருந்தது. பிறகு உன் வயிறு ஞாபகம் வந்தது. சொல்லவில்லை.

உன் அண்ணன் போன ஞாயிற்றுக்கிழமை அங்கே வந்தது உனக்குத் தெரிந்திருக்கும். யுகேஷும் அவரும் ஆட்டோ ஸ்டான்டில் கட்டிப் புரண்டார்களாம். சட்டை கிழிந்து வந்தார். "நீ வா மச்சான், நானும் கூட வாறேன், ரெண்டு பேரும் ஒண்ணாக் குடுப்போம்" என்றுதான் கேட்டாராம். அதற்குத்தான் அடி. மறுநாள் அப்பா ஆள் அனுப்பினார். சேதி இதுதான்: பிரேமிளா வீட்டைவிட்டு இறங்கினால், அன்றைக்கே தர்ஷனாவையும் பிள்ளையையும் வந்து கூட்டிக்கொண்டு போவோம். ஊர் வழக்கம் அதுதான். கோயில் கமிட்டியில் இருக்கிறவர், நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார், இனி மாற்றிக்கொள்ளமாட்டார்.

பிரேமி, இங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு ஒரு பஸ். மிதுவுக்கு மூன்று நாலு வாரத்துக்கு ஒருமுறை இரத்தம் ஏற்றவேண்டும். கடைசி வாரத்தில் படி ஏறமாட்டாள், "அம்மா தூக்கு" என்பாள், உதடு வெள்ளையாகிவிடும். ஏற்றிய மறுநாள் கட்டிலில் குதிப்பாள். ஹேவாஹெட்டயிலிருந்து அந்த ரோட்டில், மழையில், மண் சரிந்தால் பஸ்ஸே வராத இடத்திலிருந்து எப்படிக் கொண்டுவருவேன்? உன் அண்ணன் இல்லாமல் அவளை யார் தூக்குவார்கள்? என் பிள்ளை அப்பா அப்பா என்று ஏங்கியே போய்விடுவாள்.

அதனால் சொல்கிறேன். யுகேஷை இனிக் கேட்காதே. விட்டுவிடு. நான் தொடங்கியதை நானே நிறுத்தச் சொல்கிறேன், வெட்கமாக இருக்கிறது. உன் பிள்ளைக்கு நல்லது எது என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் என் பிள்ளைக்காக இதைக் கேட்கிறேன். அவன் சுத்தமாக இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கிறது. அதையே நம்புவோம்.

தர்ஷனா


ஹேவாஹெட்ட
2024 ஏப்ரல் 20

அண்ணி,

நல்லாயிருக்கிறது உங்கள் நியாயம்.

நான் எதுவும் தெரியாமல் இருந்தேன். மாமா கணக்கைக் கேட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். எழுப்பிவிட்டது நீங்கள். டின்னையும் துண்டையும் சொல்லிக்கொடுத்தது நீங்கள். இப்போது பாதி வழியில் நிறுத்தி, கண்ணை மூடிக்கொள் என்கிறீர்கள். கண் திறந்தவள் எப்படி மூடுவது? பிள்ளைக்காம்பராவில் ஒவ்வொரு பிள்ளையின் உதட்டையும் பார்க்கிறேன். வெள்ளையா சிவப்பா என்று பார்ப்பதே வேலையாகிவிட்டது. வேலாயி அக்கா, "என்னடி, மாடு வாங்க வந்தவ பல்லப் பாக்கிற மாதிரிப் பாக்கிற" என்கிறார்.

இவரை வெறுக்கவும் முடியவில்லை. என் கால் வீங்கினால் இரவு எண்ணெய் தேய்த்துவிடுகிறார். மாங்காய் கேட்டால் டவுன் சந்தை வரைக்கும் ஆட்டோவில் போய் வாங்கி வருகிறார். போன வாரம் இருட்டில் படுத்திருக்கும்போது அவராகவே கேட்டார், "மிதுவுக்கு ஊசி குத்துறப்ப அழுவாளா?" என்று. அழுவாள் என்றேன். திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்கு மேல் கேட்க வாய் வரை வந்தது. மிதுவை நினைத்து முழுங்கிவிட்டேன்.

உங்களைத் திட்டத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் நான் உங்கள் இடத்தில் இருந்தாலும் இதைத்தான் கேட்டிருப்பேன். அதுதான் எரிச்சலாக இருக்கிறது. சரி. கேட்கமாட்டேன்.

இனிக் கடிதம் போடவேண்டாம். இவர் ஸ்டான்ட் போஸ்ட் ஆபிஸ் வாசலில்தான்.

பிரேமிளா


கண்டி
2024 ஒக்டோபர் 6

பிரேமி,

போடவேண்டாம் என்றாய், இத்தனை மாதம் போடாமல் இருந்தேன். இப்போது போடுகிறேன், திட்டிக்கொள்.

பிள்ளைக்குப் பெயர் வைக்கிற அன்று எங்களையும் கூப்பிட்டது பெரிய விஷயம். அப்பா என்னைப் பார்த்து "வா புள்ள" என்றார், அதோடு சரி. யுகேஷ் பிள்ளையை என் கையில் கொடுத்தபோது என் கண்ணைப் பார்க்கவில்லை. கவிஷ் எவ்வளவு கனம். சிவந்து, கொழுத்து, கையை முறுக்கிக்கொண்டு. "பாத்தீங்களா, ராசா மாதிரி" என்று உன் அம்மா எல்லாரிடமும் காட்டினார். என்னைப் பார்த்துக் காட்டினது மாதிரித்தான் எனக்குப் பட்டது. உனக்குக் கிடைத்த அந்தச் சிரிப்பைக் கெடுக்க எனக்கு மனசில்லை. அதனால்தான் அங்கே வாய் திறக்கவில்லை.

ஆனால் நீ தெரிந்துகொள்ளவேண்டும். பிறந்த பிள்ளையைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. வயிற்றில் இருக்கும்போது பிள்ளைக்கு வேறு வகை இரத்தம், பழுது அதைத் தொடாது. பிறந்து சில மாதம் வரை அதுதான் ஓடும். பிறகு மெல்ல மெல்ல அது குறைந்து, நாம் கொடுத்த சோடி வேலை செய்யத் தொடங்கும். அப்போதுதான் தெரியும். மிதுவும் அந்த வயதில் சிவப்பாகத்தான் இருந்தாள், போட்டோ இருக்கிறது.

ஆறு மாதம் ஆனதும் ஒரு சாட்டு வைத்துக் கொண்டுவந்து காட்டு. சளி, தடிமன் என்று சொல். எதையாவது சொல். கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே சிவப்பாக இருக்கவேண்டும்.

நாலில் மூன்று பங்கு நல்லதுதான் பிரேமி. அதுவும் யுகேஷ் காவியாக இருந்தால்தான் இந்தக் கணக்கே. நான் தினமும் இதைத்தான் சொல்லிக்கொள்கிறேன்.

தர்ஷனா


ஹேவாஹெட்ட
2024 டிசம்பர் 29

அண்ணி,

கவிஷ் குப்புற விழுகிறான். விழுந்துவிட்டு, யார் தள்ளிவிட்டது என்பது மாதிரி எல்லாரையும் முறைக்கிறான். அப்படியே உங்கள் அப்பா. மாமாவுக்கு அதைச் சொன்னால் கோபம், சொல்லாவிட்டால் அவராகவே கண்ணாடியில் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்கிறார்.

இமையை இழுத்துப் பார்க்கச் சொன்னீர்கள். முதலில் காலையும் மாலையும் பார்த்தேன். ஒரு நாள் இவர் பார்த்துவிட்டார். சத்தம் போடவில்லை. "செவப்பாத்தான இருக்கு?" என்றார். ஆமாம் என்றேன். அன்றைக்கு முழுக்க ஆட்டோவில் பாட்டுப் போட்டுக்கொண்டே ஓடினார்.

இப்போது பார்ப்பதில்லை அண்ணி. பார்த்துப் பார்த்து எனக்கு நிறமே தெரியாமல் போய்விட்டது. வெயிலில் பார்த்தால் சிவப்பு, வீட்டுக்குள் பார்த்தால் வெளிறல். பிள்ளை சிரிக்கும்போது நான் சிரிக்காமல் அவன் கண்ணுக்குள் எதையோ தேடிக்கொண்டிருக்கிறேன், இது என்ன தாய்மை? கொஞ்ச நாளைக்காவது சும்மா அவனுக்கு அம்மாவாக இருந்துகொள்கிறேன். ஆறு மாதம் வரும்போது வரட்டும்.

மிதுவுக்குப் புதுவருடத்துக்கு ஒரு சட்டை தைத்து அனுப்புகிறேன். அளவு சரியா என்று பாருங்கள். சரியில்லை என்றால் பொய் சொல்லுங்கள்.

பிரேமி


கண்டி
2025 பெப்ரவரி 27

பிரேமி,

சட்டை சரியாக இருக்கிறது. உண்மையாகத்தான். கழற்ற விடமாட்டேன் என்கிறாள்.

போன சனிக்கிழமை அப்பா சாமான் வாங்க டவுனுக்கு வந்தவர் பத்து நிமிஷம் இங்கே வந்து உட்கார்ந்தார். போகிற போக்கில், "சின்னவன் ரெண்டு மூணு நாளாப் பால் குடிக்க மாட்டேங்கிறான், பல் மொளைக்குது போல" என்றார். உன் அம்மா உடனே அதற்கு ஒரு கை மருந்து சொன்னார். நான் தேநீர் போடுகிறேன் என்று எழுந்து போய்விட்டேன்.

பல்லாகத்தான் இருக்கும். இருக்கட்டும். ஆனால் ஆறு மாதம் ஆகிவிட்டது. நான் போன வருடம் உன்னைத் தடுத்தேன். இப்போது தடுக்கவில்லை. யார் யாரைக் கூட்டிக்கொண்டு போவதென்றாலும் போகட்டும், பஸ் வராவிட்டால் மிதுவைத் தூக்கிக்கொண்டு நடப்பேன். பிள்ளையைக் கொண்டுவா.

தர்ஷனா


ஹேவாஹெட்ட
2025 மார்ச் 16

அண்ணி,

இவர் உங்கள் நம்பரைத் திறந்துவிட்டார். இந்த வாரத்தில் மூன்று தடவை போனைக் கையில் எடுத்தேன். நீங்கள் "பிரேமி" என்று கூப்பிட்டால் எனக்குப் பேச்சு வராது. அதனால் எழுதுகிறேன். இவரே தபாலில் போடுகிறேன் என்றார்.

உங்கள் கடிதம் வந்த அன்று நான் எதுவும் கேட்கவில்லை. இவராகத்தான் பிள்ளையை வாசல் வெளிச்சத்துக்குத் தூக்கிக்கொண்டு போய், இமையை இழுத்துப் பார்த்தார். நான் செய்வதைப் பார்த்துப் பழகியிருக்கிறார். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு "சால்வய எடு" என்றார். மாமா "எங்க போறீங்க?" என்று கேட்டார். "ஆஸ்பத்திரிக்கு" என்றார் இவர். ஆட்டோ திரும்பும்போது பார்த்தேன், மாமா வாசலிலேயே நின்றார்.

பிள்ளைக்கு எடுக்கும்போது இவரும் கையை நீட்டினார். அதற்கு இனி என்ன அவசரம் என்று நர்ஸ் மிஸ் கேட்டதற்கு, "எனக்குத் தெரியணும் மிஸ்" என்றார்.

இவரும் காவி. கவிஷுக்கும் அதுதான் அண்ணி. மிதுவுக்கு இருப்பதேதான்.

திரும்பி வரும் வழியில் ஓரமாக நிறுத்திவிட்டு இவர் அழுதார். நான் அழவில்லை. பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தான், எழுப்பக்கூடாது என்று அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். போன வருடமே இவர் சோதித்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும். கொஞ்சம் முன்னால் தெரிந்திருக்கும், அவ்வளவுதான். இதை இவரிடம் சொன்னேன். ஆறுதலாகத்தான் சொன்னேன், அது ஆறுதலாக இருந்ததா என்று தெரியவில்லை.

வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள், முதல் தடவை ஏற்றுவதற்கு. மிதுவுக்கும் அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். நாங்கள் எவ்வளவு விடிய வெளிக்கிட்டாலும் வந்து சேரும்போது வார்டு நிறைந்துவிடும் என்கிறார்கள். மிதுவைப் படுக்கவைத்ததும் பக்கத்துக் கட்டிலில் உங்கள் பையை வைத்துவிடுங்கள் அண்ணி. யாராவது கேட்டால், நம்ம பிள்ளை வருகிறான் என்று சொல்லுங்கள்.

பிரேமி